முப்பத்திரண்டாவது டர்ன்

1. பாண் தின்றுகொண்டே ஜெயித்த ஆள்

பீட்டர் எங்கள் கோட்டையைப் பதினோராவது டர்னில் பிடித்தார். அவருடைய வலது கை மவுஸில் இருந்தது. இடது கையில் வெண்ணெய் தடவி, பாதி கடித்த பாண் துண்டு இருந்தது. அவருடைய நாட்டில் அது காலை, பதுளையில் பின்னேரம். ஆபீஸில் ஒன்பது பேரும் வீடியோ அழைப்பில், பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜெயித்ததற்கு அவர் சந்தோஷப்படவில்லை. பாணை மென்று விழுங்கிவிட்டு, "இது கடினமான நிலைதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம், ஹார்ட்," என்றார் எங்கள் முதலாளி தினேஷ்.

"நான் இந்த விளையாட்டை இன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொடுகிறேன்."

  பீட்டர் எங்களுக்கு வேலை தந்த வெளிநாட்டுக் கம்பனியின் ஆள். விளையாட்டைச் செய்தது அந்தக் கம்பனி. அதில் வரும் எதிரி எவ்வளவு கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்வது எங்கள் வேலை. எட்டு மாதம் அதை மட்டும்தான் செய்தோம். எட்டு மாத முடிவில் அந்த எதிரியை ஒருவர் காலைச் சாப்பாட்டுக்கு நடுவில் முடித்துவிட்டார்.

"இரண்டு வாரம் தருகிறேன். மறுபடியும் ஹார்டில் விளையாடிப் பார்ப்பேன். இதே மாதிரி இருந்தால் மீதி வேலை வேறு இடத்துக்குப் போகும்," என்று சொல்லிவிட்டு அவர் அழைப்பைத் துண்டித்தார்.

எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. இந்த வேலை போனால் ஒன்பது பேருக்கும் போகும். பதுளையில் இந்த வேலைக்கு இன்னொரு கம்பனியும் கிடையாது.

நான் டெஸ்ட் பிரிவுக்குப் பொறுப்பு. இந்தத் தொழிலில் பன்னிரண்டு வருடம் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எதையாவது படியுங்கள். எல்லாம் ஒன்றுதான். நான் எதைப் படித்திருந்தாலும் நடந்தது நடந்திருக்கும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

2. டர்ன் என்றால்

டர்ன் முறை விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடி அடித்துக்கொள்ளாது. வரைபடம் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். என் படையில் ஈட்டிக்காரன், வில்லுக்காரன், குதிரைக்காரன் என்று பதினாறு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு டர்னுக்கு இரண்டு புள்ளி. நடக்க ஒன்று, அடிக்க ஒன்று. எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டு டர்னை முடிப்பேன். பிறகு எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். அவன் முடிக்கும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். கோபம் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவசரக்காரர்களுக்கு இந்த வகை பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

எங்கள் விளையாட்டில் மலைக்கு மேல் ஒரு கோட்டை. நாற்பதாவது டர்னில் பனி விழும். அதற்குள் கோட்டையைப் பிடிக்காவிட்டால் படை குளிரில் செத்துப்போகும்.

எதிரியை நடத்துவது ஏ.ஐ. அதை எழுதியவன் நுவன். பதுளைப் பையன், சிங்களவன், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவன். எதிரி எவ்வளவு தூரம் பார்ப்பான், எப்போது துணைப்படை வரும், எப்போது வாசலைத் திறந்து வெளியே பாய்வான் என்று அவனிடம் முப்பதுக்கு மேற்பட்ட அளவுகள் இருந்தன. அவற்றைக் கூட்டிக் குறைப்பான். கம்பனி எங்களுக்குக் கொடுத்த குறி இதுதான்: மீடியம் நிலையில் சாதாரண ஆள் ஒருவர் இருபத்தைந்தாவது டர்ன் அளவில் ஜெயிக்க வேண்டும். ஹார்ட் அதற்கு ஒரு படி மேலே தானாக அமையும்.

சாதாரண ஆளுக்கு நாங்கள் எங்கே போவது? விளையாடிப் பார்க்க ஆறு டெஸ்டர்களை எடுத்தோம். ஆறு பேரும் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள். அவர்களில் சிவகாமி நான்கு வருடம் கொழுந்து பறித்தவள். முதல் நாள் அவளுக்கு விளையாட்டை விளக்கினேன். பாதியில் என்னை நிறுத்தினாள்.

"இது பெரட்டுதானே அக்கா?"

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு, யார் செடியைக் கவ்வாத்து வெட்ட, யார் கொழுந்துக்கு என்று பிரித்து அனுப்புவது. அனுப்பிய பிறகு அன்றைக்கு மாற்ற முடியாது. நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

3. பத்தொன்பது

மூன்றாம் நாள் சிவகாமி பத்தொன்பதாவது டர்னில் கோட்டையைப் பிடித்தாள். மற்றவர்கள் இருபத்தெட்டு, முப்பத்தாறு என்று இருந்தார்கள். இரண்டு பேர் பனியில் செத்தார்கள்.

தினேஷ் எழுந்து கைதட்டினார். அவர் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. கடை கீழே, எங்கள் ஆபீஸ் மேலே. கெட்டவர் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் உடனே பலகையில் எழுதுகிற பழக்கம் அவருக்கு இருக்கிறது. வெள்ளைப் பலகையில் சிவப்பு மார்க்கரால் '19 – சிவகாமி' என்று பெரிதாக எழுதினார். திங்கட்கிழமை காலை அதற்குக் கீழே '6' என்று எழுதி வட்டம் போட்டார்.

"இதுவரைக்கும் ஒரு ஆளு நாளைக்கு நாலு ரன் பண்ணுனீங்க. பத்தொம்பதுல முடிக்க முடியும்னு சிவகாமி காட்டிட்டாங்க. அப்ப ஆறு ரன் பண்ணலாம்."

ஒரு ரன் என்றால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு ஆட்டம். நாலு ஆறாகியது.  சிவகாமி பலகையைப் பார்க்கவில்லை. கணேசன் மட்டும் கேட்டான். அவன் டெஸ்டர்களில் வாயாடி.

"சார், டீ குடிக்கிற நேரம் இதுல சேர்த்தியா?"

"டீ குடிச்சுக்கிட்டே விளையாடுங்க," என்றார் தினேஷ்.

அந்த வாரமே எல்லோருடைய எண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. அவ்வளவு நீளமாக விளையாடினால் நாளுக்கு ஆறு ரன் முடியாது. நாலுதான் முடியும். தினேஷ் இரண்டு வாரம் சத்தம் போட்டார். பிறகு, "சரி, இப்போதைக்கு நாலு பண்ணுங்க. ஆறுதான் டார்கெட்," என்றார். பலகையில் ஆறை அழிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வாராந்த அறிக்கை தயாரிக்கும்போது சிவகாமியின் பத்தொன்பது மட்டும் தனியாக நின்றது. ஏதோ அதிர்ஷ்டத்தில் விழுந்தது, இது சராசரியைக் கெடுக்கும் என்று நானே நீக்கினேன். எட்டு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே உண்மையான எண் அதுதான்.

4. தற்காப்புப் பாணி

குறி இருபத்தைந்து. எங்கள் ஆட்கள் முப்பத்திரண்டு. அப்படியென்றால் எதிரி பலமாக இருக்கிறான் என்று அர்த்தம். நுவன் எதிரியைக் கொஞ்சம் பலவீனமாக்கினான். அடுத்த பில்டில், அதாவது திருத்திய பதிப்பில், முப்பத்திரண்டு. இன்னும் பலவீனமாக்கினான். முப்பத்தொன்று. துணைப்படையைப் பாதியாக்கினான். முப்பத்திரண்டு. எதிரியின் கண்ணைக் குறைத்தான். முப்பத்திரண்டு.

"அக்கா, இனிமேல் குறைக்க ஒன்றும் இல்ல. அவன் வாசலையும் பூட்டுறதில்ல," என்று ஒரு நாள் சொன்னான்.

ஒரு தடவை சிவகாமியின் பின்னால் போய் நின்றேன். கோட்டைக்கு நாலு கட்டம் தள்ளி அவளுடைய மூன்று குதிரைக்காரர்கள் நின்றார்கள். இரண்டு புள்ளியும் அப்படியே மிச்சம். டர்னை முடித்தாள்.

"குதிரைய ஏன் சும்மா வச்சிருக்க?"

"நாளைக்கு வேணுமே அக்கா."

நான் மேசைக்குப் போய் அறிக்கையில் எழுதினேன்: 'எங்கள் பிரதேச ஆட்டக்காரர்கள் தற்காப்புப் பாணியை விரும்புகிறார்கள், படையின் ஒரு பகுதியை எப்போதும் கையிருப்பில் வைக்கிறார்கள்.' வெளிநாட்டுக் கம்பனி அதைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. தினேஷ் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

கையிருப்பாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5. ரீப்ளே

பீட்டர் அழைப்பைத் துண்டித்த மறுநாள் தினேஷ் நுவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"எட்டு மாசமா என்னப்பா எழுதுன? எதிரியா அது? வந்தவனுக்கு வாசல் திறந்து விடுறான்."

"சார், இவங்க எண்ண பாத்துதானே குறைச்சேன்."

"எண்ணு மேல பழிய போடாத. ராணி அக்கா பன்னிரண்டு வருஷமா இந்த எண்ணு பாக்குறாங்க. கோட்ல பிழை இருக்கு. இல்லாட்டி உனக்கு வேல தெரியல."

ராணி அக்கா நான்தான். நுவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்காக ஒன்றும் பேசவில்லை. எனக்கே தெரியாததை எப்படிப் பேசுவது? ஆனால் அவன் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. போய் ரீப்ளே கோப்புகளைத் திறந்தேன். ஒவ்வொரு ரன்னும் டர்ன் டர்னாகப் பதிவாகியிருக்கும். எட்டு மாதமாக நான் மொத்த எண்ணை மட்டும் பார்த்தேன். ஒரு ரீப்ளேயைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அதற்கு நேரம் இல்லை என்று சொல்லி வந்தேன். உண்மையில் சோம்பல்.

சிவகாமியின் கடைசி ரன்னைப் போட்டேன். ஒன்பதாவது டர்னில் கோட்டை வாசல் திறந்து கிடந்தது. அவளுடைய குதிரைகள் வாசலுக்குப் பக்கத்தில் நின்றன. உள்ளே எதிரியின் ஆள் ஒருவன்தான். பத்தாவது டர்னில் குதிரைகள் பின்னால் போயின. பதினொன்றில் முன்னால் வந்தன. பிறகு இருபது டர்ன் கோட்டையைச் சுற்றின. கோயிலைச் சுற்றுவது மாதிரி. முப்பத்திரண்டாவது டர்னில் உள்ளே போய் அந்த ஒருவனை அடித்தன.

கணேசனுடைய ரன்னைப் போட்டேன். அவன் ஆட்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வராமல் இருந்ததுதான் அதிசயம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை நானும் ஐந்து மாதம் கொழுந்து பறித்தேன். நாளுக்குப் பதினெட்டு கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். முதல் வாரம் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. ஒரு நாள் இருபத்துமூன்று பறித்தேன். நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். திரும்பி நடக்கும்போது பக்கத்து நிரை அம்மா என் கூடையைப் பிடித்து இழுத்தார்.

"ஏம்மா, ஒனக்கு ரிசல்ட்டு வந்தா போயிருவ. இருபத்திமூணு பறிக்க முடியும்னு காட்டிட்டுப் போயிருவ. நாங்க இங்கதான் இருக்கணும். பதினெட்டுல நிறுத்து."

மறுநாளிலிருந்து பதினெட்டில் நிறுத்தினேன். என் நிரையில் எல்லோரும் பதினெட்டு, பதினெட்டரை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் பதினெட்டு. தோட்டத்தை நடத்திய தொரை அதைப் பார்த்து இந்த மலையில் இவ்வளவுதான் கொழுந்து வரும் என்று நினைத்தார். நான் படித்து, கம்ப்யூட்டர் பழகி, டவுனில் வீடு எடுத்து, கடைசியில் அந்தத் தொரை செய்த தப்பையே செய்திருக்கிறேன்.

சிவகாமியைக் கூப்பிட்டு ரீப்ளேயைக் காட்டினேன். குதிரைகள் மூன்றாவது சுற்றுப் போய்க்கொண்டிருந்தன.

"இது என்ன?"

அவள் மறைக்கவில்லை.

"அன்னைக்கி நான் பத்தொம்பதுல முடிச்சேன். திங்கக்கெழம நாலு ஆறாச்சு. அந்த வாரம் பூரா பஸ்ல என்கூட யாரும் பேசல. பக்கத்து சீட்டுல பைய வச்சுக்கிட்டாங்க. பசறைல இருந்து பதுள வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் அக்கா முப்பத்திரண்டு. கணேசன் கணக்குப் போட்டான். நாப்பதுன்னா பனில செத்துருவோம். முப்பத்தஞ்சுன்னா சார் சந்தேகப்படுவாரு. முப்பத்திரண்டுன்னா நாலு ரன் சரியா வரும், டீயும் குடிக்கலாம்."

"நுவன் எதிரிய குறைச்சுக்கிட்டே வந்தது தெரியலையா?"

"தெரியாமயா? ஜெயிக்காம இருக்கறதுதான் பெரிய பாடாப் போச்சு. அவன் அவனாவே வந்து நம்ம ஈட்டில விழுறான். அவனக் காப்பாத்தி உள்ள அனுப்ப வேண்டியதா இருக்கு."

நான் சிரிக்கவில்லை. நுவனுக்கு வேலை போகப் போகிறது, பிறகு எல்லோருக்கும் போகப் போகிறது என்று சொன்னேன்.

"அது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எங்ககிட்ட யாரு சொன்னா, இந்த எண்ண வச்சுத்தான் எதிரிய செய்றீங்கன்னு? எத்தன ரன்னுன்னுதானே தினமும் கேட்டீங்க."

 

6. சீல்

தினேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீப்ளேயையும் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"எட்டு மாசம் ஏமாத்தியிருக்காங்க. ஆறு பேரையும் நிப்பாட்டுங்க. புதுசா எடுப்போம்."

"புதுசா வர்றவனுக்கும் இதே பலகதான் தெரியும். மூணாம் நாள் அவனும் முப்பத்திரண்டுதான்."

"இது திருட்டு அக்கா."

"உங்கப்பா கடையில எல்லாச் சேலையையும் வாசல்லயா தொங்க விட்டிருக்காரு?"

"அது வியாபாரம்."

"இதுவும் அதான். அவங்ககிட்ட இருக்கற ஒரே சரக்கு வேகம். அத வெளிய எடுத்த அன்னைக்கே நீங்க வேலைய கூட்டிட்டீங்க. அதுக்கப்புறம் எந்த மடையன் எடுப்பான்?"

முதலாளியிடம் இப்படிப் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பேசினேன். அவர் ஜன்னலுக்குப் போய்க் கீழே கடை வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு டெஸ்டர்களைக் கூப்பிட்டார்.

"சரி. நாலு ரன்தான். கூட்ட மாட்டேன். ஒழுங்கா விளையாடுங்க."

ஆறு பேரும் நின்றார்கள். சிவகாமி சொன்னாள்: "எழுதித் தாங்க சார்."

"என்ன?"

"எவ்வளவு சீக்கிரம் முடிச்சாலும் நாளைக்கு நாலு ரன்னுக்கு மேல கேக்க மாட்டேன்னு. தமிழ்ல. சுவத்துல ஒட்டணும்."

"இது என்ன, யூனியனா?"

"இல்ல சார், ஆறு பேருதான்," என்றான் கணேசன்.

நான் எழுதினேன். தினேஷ் கையெழுத்துப் போட்டார். சிவகாமி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சீல் இல்லையே சார்."

எங்கள் கம்பனிக்கு சீல் கிடையாது. எல்லாம் ஈமெயிலில் நடக்கிற வேலை. தினேஷ் கீழே கடைக்கு இறங்கிப் போனார். அப்பாவுடைய சீலை எடுத்து வந்து குத்தினார். அந்தத் தாளில் இப்போதும் தினேஷின் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பட்டுச் சேலைகள், வேட்டிகள், பாடசாலைச் சீருடைகள்' என்று ஊதா மையில் இருக்கிறது. சிவகாமிக்கு அது போதும்.

7. மார்க்கர்

மறுநாள் ஆறு பேரும் விளையாடினார்கள். நுவன் எண்ணைப் பார்த்துச் சொன்னான்: முப்பத்தொன்று.

அதற்கு அடுத்த நாள் முப்பது.

மூன்றாம் நாள் இருபத்தொன்பது.

"என்னடா இது?" என்று கணேசனிடம் கேட்டேன்.

"தாளு இருக்குதான் அக்கா. தாளு பேச்ச சாரு கேக்குறாரான்னு பாக்கணும்ல. ஒரு நாளைக்கி ஒரு டர்ன் குறைக்கிறோம்."

பத்து நாள்தான் மிச்சம். இந்த வேகத்தில் போனால் எதிரியைச் சரிசெய்ய நாள் இருக்காது. நான் கத்தினேன். பிரயோசனம் இல்லை. கத்துவதைக் கேட்டு வளர்ந்த ஆட்கள்.

நாலாம் நாள் காலை நான் விளையாட்டைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தேன். தினேஷ் வழக்கம்போல வந்தார். பையை வைத்தார். பலகைக்குப் பக்கத்தில் கிடந்த சிவப்பு மார்க்கரைக் கையில் எடுத்தார். எழுதுவதற்கு இல்லை, வெறும் பழக்கம். மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வரிசைக்கு இடையில் நடந்தார். அவர் நடந்த இடமெல்லாம் ஆறு தலையும் அந்த மார்க்கரோடு திரும்பின. பலகையில் '19 – சிவகாமி' அப்படியே இருந்தது. வட்டம் போட்ட ஆறும் இருந்தது. தாள் ஒரு சுவரில் நாலு என்றது. பலகை எதிர்ச் சுவரில் ஆறு என்றது.

நான் போய் அவர் கையிலிருந்து மார்க்கரைப் பிடுங்கினேன்.

"என்ன அக்கா?"

"இது இனி என்கிட்ட இருக்கட்டும்."

பிறகு ஈரத் துணியால் பலகையைத் துடைத்தேன். போகவில்லை. எட்டு மாதம் காய்ந்த மை. அழுத்தித் தேய்த்தேன், வட்டம் இளஞ்சிவப்பாகப் படர்ந்ததுதான் மிச்சம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவகாமி எழுந்தாள். தன் கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் மருந்துக் குப்பியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல தொட்டுத் துடைங்க. மொதல்ல என் பேர."

முதலில் அவள் பெயரைத் துடைத்தேன். பிறகு பத்தொன்பதை. பிறகு ஆறை. தினேஷ் தடுக்கவில்லை. கடைசியில் அவரே துணியை வாங்கி வட்டத்தின் மிச்சத்தைத் தேய்த்தார்.

அன்று பின்னேரம் சிவகாமி ஒன்பதாவது டர்னில் கோட்டையைப் பிடித்தாள். கணேசன் பத்தில். மற்றவர்கள் பன்னிரண்டுக்குள். நுவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு இரண்டு மாதத்தில் வந்த முதல் சிரிப்பு. உடனே அளவுகளை ஏற்றத் தொடங்கினான். காலையில் ஒரு பில்ட், மத்தியானம் ஒரு பில்ட். எதிரிக்குக் கண் வந்தது. துணைப்படை வந்தது. வாசல் பூட்டியது.

வாசல் பூட்டியதும் மற்றவர்கள் திணறினார்கள். சிவகாமி இரண்டு ஈட்டிக்காரர்களைத் தனியாகப் பனிமூட்டத்துக்குள் அனுப்பினாள். அவர்களைப் பிடிக்க எதிரி வாசலைத் திறந்து வெளியே வந்தான். மறுபக்கத்துக் கணவாயிலிருந்து குதிரைகள் உள்ளே போயின.

நுவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "அந்த ரெண்டு பேர் செத்துருவாங்கன்னு தெரிஞ்சே அனுப்புனீங்களா?"

"பெரட்டுல எந்தக் கங்காணி நல்ல ஆள மொதல்ல அனுப்புவான்?"

நுவன் அன்றே எதிரிக்கும் அந்தத் தந்திரத்தைக் கற்றுக்கொடுத்தான். மறுநாள் எதிரி இரண்டு நோஞ்சான் ஆட்களை அனுப்பி சிவகாமியின் குதிரைகளை வெளியே இழுத்தான். அவள் முதல் முறையாகப் பனியில் செத்தாள். மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"நம்ம கிட்ட படிச்சு நமக்கே செய்றான். இப்பத்தான் இவன் எதிரி."

8. நாலு

குறித்த நாளில் பீட்டர் திரையில் வந்தார். மீடியத்தில் இருபத்தாறாவது டர்னில் ஜெயித்தார். பிறகு ஹார்டில் தொடங்கினார். பாணைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் விளையாடினார். இருபத்துமூன்றாவது டர்னில் எதிரி அவருடைய கூடாரத்தைக் கொளுத்தினான். "இது கொஞ்சம் அதிகக் கடினம்," என்றார். எங்களுக்கு அதைவிட நல்ல வார்த்தை அவர் சொல்லியிருக்க முடியாது. வேலை எங்களிடமே தங்கியது.

டெஸ்ட் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆறு பேர் ஒரே எண்ணைக் கொடுத்தால் அது அவர்களுடைய திறமை இல்லை, அவர்களுடைய தீர்மானம். அதை ஆராய விளையாட்டுக்குள் போகாதீர்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். யார் எழுதினார் என்று பாருங்கள். தனியாக நிற்கிற எண்ணை நீக்குவதற்கு முன்னால் அந்த ஆளிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் எட்டு மாதம் மிச்சம். ரீப்ளேயைப் பாருங்கள். நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

பீட்டரோடு பேச்சு அதோடு முடியவில்லை. போவதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். கடைசி வார ஆட்டப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்.

"உங்கள் ஆட்கள் மிக வேகமாக விளையாடுகிறார்கள். அடுத்த விளையாட்டுக்கு ஒரு ஆள் நாளுக்கு எத்தனை ரன் செய்ய முடியும்? எட்டு?"

அறையில் மவுஸ் சத்தம்கூட நின்றுவிட்டது. சிவகாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. தினேஷின் வலது கை மேசையில் மார்க்கரைத் தேடித் தடவியது. அங்கே மார்க்கர் இல்லை.

அவர் திரையைப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "நாலு. மிகவும் முயற்சி செய்தால் நாலு."

"நாலுதானா?"

"இது நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலை. எங்கள் ஆட்கள் தற்காப்புப் பாணிக்காரர்கள். நீங்களே பாராட்டி எழுதியிருக்கிறீர்கள்."

பீட்டர் குறித்துக்கொண்டார். அழைப்பு முடிந்தது. தினேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"ஆறு முடியும்ல அக்கா?"

"ஏழும் முடியும்," என்றேன்.

"தெரியும்," என்றார்.

கணேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னான்.

"சிவகாமி, நாளைக்கி பஸ்ல சாருக்கு ஒரு சீட்டுப் பிடிச்சு வை."